பாதியில் கிளம்பிப் போனவர்கள்

ஓர் ஆளை வரையத் தொடங்கி முடிக்காமல் விட்டால், விட்ட பாகம் அந்த ஆளுக்குக் கெட்டுப்போகும் என்று நான் நம்பினேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை. ஒரு கோடை விடுமுறை முழுக்க, சோறு இறங்காமல், காதுமடல் சுடச்சுட நம்பினேன். சிரிக்க வேண்டாம். நீங்களும் அந்த வயதில் புளியங்கொட்டையை விழுங்கிவிட்டு, வயிற்றில் மரம் முளைக்கும் என்று அழுதவர்கள்தானே. என்ன, உங்கள் மரம் உங்கள் வயிற்றோடு நின்றுவிட்டது. நான் ஊர்ப்பட்ட பேருடைய கைகால்களுக்குப் பொறுப்பு எடுத்துக்கொண்டு அலைந்தேன்.

அப்பா அப்போது ஜங்ஷன் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர். பஸ் வந்த நேரத்தையும் கிளம்பிய நேரத்தையும் எழுதுவார். கிளம்ப வேண்டிய பஸ்ஸை நிறுத்திவிட்டு டீக்கடையில் அரசியல் பேசுகிற டிரைவர்களை விசில் ஊதியே எழுப்புவார். அவருக்கு ஒரு தகரக் கூண்டு உண்டு. அதற்குள் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மண்பானை. நான்காவதாக நான்.

வரைகிற பழக்கம் எனக்கு அந்தக் கூண்டில்தான் தொற்றியது. பஸ் நிலையத்தில் தாளுக்குப் பஞ்சமே கிடையாது. துணிக்கடைத் தள்ளுபடிக்கும் மூலம் பௌத்திரத்துக்கும் ஆளாளுக்கு நோட்டீஸ் கொடுப்பார்கள். வாங்கியவர்கள் நாலடி தள்ளிப் போய்க் கீழே போடுவார்கள். எல்லாம் ரோஸ், பச்சை, மஞ்சள் நிறத்து மெல்லிய தாள். ஒரு பக்கம்தான் அச்சடித்திருக்கும். மறுபக்கம் எனக்கு. பென்சில் அப்பாவுடையது. காப்பியிங் பென்சில் என்று ஒன்று இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பார்க்கச் சாதாரணப் பென்சில், நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா மை. அழித்தால் போகாது. அந்தக் காலத்தில் என் உதட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும், "என்னலே, நாவப்பழமா?" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஒரு பழம்கூடத் தின்னாமல் அந்தப் பெயரை வாங்கியவன் நான்.

பஸ் நிலையத்தில் ஆட்களை வரைவது லேசான காரியம் இல்லை. இப்போது யாரும் வரையலாம். எல்லோரும் கைபேசியில் குனிந்தபடி கல்லாக உட்கார்ந்திருக்கிறார்கள். மூக்கு நுனியைத் திருத்தி எழுதக்கூட அவகாசம் கொடுக்கிறார்கள். அன்றைக்கு அப்படியா? ஒருவர் வெற்றிலை துப்ப எழுந்திருப்பார், ஒருவர் பஸ் வருகிறதா என்று நிமிடத்துக்கு ஒரு முறை கழுத்தை நீட்டுவார். தலை நிற்கவே நிற்காது. ஆனால் பாதம் நிற்கும். மூட்டை முடிச்சுக்குக் காவலாக ஊன்றிய பாதத்தை யாரும் சீக்கிரம் எடுப்பதில்லை. அதனால் நான் பாதத்தில் தொடங்கி மேலே போவேன். முகம் கஷ்டம், அதைக் கடைசிக்கு வைப்பேன். பெரும்பாலும் கடைசி வருவதற்குள் பஸ் வந்துவிடும்.

அந்த வருடம் முழுப்பரீட்சை முடிந்த மறுநாள் அம்மா பாபநாசத்துக்குப் புறப்பட்டாள். சித்தி வீட்டில் எல்லோருக்கும் அம்மை போட்டிருக்கிறது, கஞ்சி வைத்துக் கொடுக்க ஆள் இல்லை, பிள்ளைகள் அங்கே வரக்கூடாது. எனக்குச் சொன்னது அவ்வளவுதான். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அழுதேன். அம்மை வந்தாலும் பரவாயில்லை என்றேன். அம்மா கொஞ்சம் தள்ளியே உட்கார்ந்திருந்தாள்.

"கிட்ட வராதலே. அம்ம வீட்டுக்குப் போறவ."

இன்னும் போகவே இல்லையே, அதற்குள் எப்படி ஒட்டும் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கணக்கில் என்றைக்கும் நான் மந்தம்.

பஸ் நிலையத்து வேப்பமரத்தடியில் கல் பெஞ்சு ஒன்று கிடக்கும். அதில் உட்கார்ந்து அவள் பாபநாசம் பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். நான் கூண்டு வாசலில் இருந்து ஒரு ரோஸ் நோட்டீஸில் அவளை வரைந்தேன். செருப்பு வந்தது. சேலைக் கொசுவம் வந்தது. மடியில் இருந்த ஒயர் பை, பையைப் பிடித்த இடது கை, வளையல் எல்லாம் நன்றாகவே வந்தன. வலது கை முந்தானையைச் சுருட்டி வாயில் பொத்தியிருந்தது. கொஞ்ச நாளாகவே அம்மாவுக்கு இருமல். அந்தக் கையை எடுக்கட்டும், முகத்தை அப்புறம் போடலாம் என்று காத்திருந்தேன். கழுத்துக்கு மேலே ஒரு வட்டம் மட்டும் போட்டு வைத்தேன். கையை அவள் எடுக்கவே இல்லை. பஸ் வந்தது. அம்மா ஏறினாள். ஜன்னலில் தெரிவாள் என்று ஓடினேன், அவளுக்கு அந்தப் பக்கத்து இருக்கை கிடைத்திருந்தது. அப்பா விசில் ஊதினார். நேரத்தை எழுதினார்.

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஆளைப் பிடித்தேன். பஸ் கூரையில் சரக்கு ஏற்றுகிற அண்ணாச்சி. ஏணியில் நின்றவரை மளமளவென்று எழுதினேன். இவர் ஏணியில் ஏறுகிறவர், பாதம் எங்கே நிற்கும்? அதனால் தலையிலிருந்து இறங்கினேன். வலது முழங்காலுக்குக் கீழே வரும்போது ஆள் இறங்கிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாட்கள் ஒன்றுபோல இருந்தன. நாங்கள் மீனாட்சிபுரத்தில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே முற்றம், சுற்றிலும் வீடுகள், எல்லாவற்றுக்கும் ஒரே வீட்டுக்காரர். வளவுப் பையன்கள் எல்லாம் ஸ்ரீவைகுண்டம், அம்பாசமுத்திரம் என்று தாத்தா ஊர்களுக்குப் போய் அணைக்கட்டில் குதித்துக்கொண்டிருந்தார்கள். நான் காலையில் அப்பாவோடு கூண்டுக்குப் போவேன், இருட்டும்போது திரும்புவேன். அப்பா சமைத்தால் ஒரே குழம்பு, அதற்குப் பெயர் கிடையாது. பஸ் நிலையத்தில் டீசல் வாடை, வாழைப்பழ வாடை, உவரியிலிருந்து வரும் மீன் கூடை வாடை என்று வேளைக்கு ஒன்று வீசும். நாள் முழுக்க ஆயிரம் பேர் என்னைக் கடந்து போவார்கள். ஒருவரும் எனக்காக வந்தவர் இல்லை. வரைவது ஒன்றுதான், அவர்களில் ஒருவரைக் கொஞ்ச நேரம் என்னோடு நிறுத்தி வைக்க நான் கண்டுபிடித்த வழி.

ஒரு நாள் சரக்கு அண்ணாச்சி நொண்டிக்கொண்டு வந்தார். பாதத்தில் பெரிய கட்டு. கருப்பட்டிச் சிப்பம் கைதவறி விழுந்துவிட்டதாம்.

"எந்தக் காலு அண்ணாச்சி?" என்றேன்.

"கட்டுப் போட்ட காலுதாம்லே. பொறவு, நல்ல காலுக்கா கட்டுப் போடுவாவ?"

வலது கால். நான் போய் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

இருந்தாலும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து பாபநாசம் வண்டிக் கண்டக்டர் அண்ணாச்சி. நல்ல சுருட்டை முடி, நடுவகிடு, எண்ணெய் பளபளப்பு. அவரை முகம் வரைக்கும் ஒப்பேற்றியிருந்தேன், முடி போடுவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. அடுத்த வாரம் அவர் இறங்கி வருகிறார், தலையில் ஒரு மயிர் இல்லை. சந்தனம் பூசிய மொட்டை வெயிலில் மின்னுகிறது.

"அண்ணாச்சி, முடி எங்க?"

"திருச்செந்தூர்ல முருகன்ட்ட குடுத்துட்டேம்லே. ஒனக்கு வேணும்னா போய்க் கேளு, இருந்தா தருவாரு."

பக்கத்தில் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். நான் மட்டும் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டேன். நேர்த்திக்கடன் என்று அவர் நினைக்கிறார், காரணம் என் சட்டைப் பையில் அல்லவா இருக்கிறது?

அன்றிலிருந்து நான் பட்ட பாட்டை வெளியே சொன்னால் மானம் போகும், அதனால் உங்களிடம் மட்டும் சொல்கிறேன். தொடங்கிய ஆளை முடிக்காமல் விடக்கூடாது என்று பஸ் பின்னால் ஓடினேன். ஒரு கிழவரின் இரண்டு காதுக்காக வண்ணாரப்பேட்டை முக்கு வரை ஓடிப் போய், ஒரு காதோடு திரும்பினேன். டிரைவர்களுக்கு முதலில் கண்ணைப் போட்டுவிடுவேன். அவர்களுக்குக் கண் விட்டுப்போனால் ஐம்பது பேர் பாடு அல்லவா? நேரம் இல்லாதவர்களுக்கு ஒரு கோட்டில் கை, ஒரு கோட்டில் கால் என்று இழுத்துவிட்டேன். கலை போனாலும் உறுப்பு மிஞ்சட்டும். வரைவதையே விட்டிருக்கலாமே என்பீர்கள். விட்டுவிட்டு அந்தக் கூண்டில் நான் என்ன செய்வது?

இவ்வளவு பேருக்காக ஓடியவனுக்கு அம்மாவின் ஞாபகம் தாமதமாகத்தான் வந்தது. மத்தியானம். அப்பா மேசையில் தலை வைத்துக் கண்ணயர்ந்திருந்தார். நான் பானைத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். தம்ளரை அப்படியே வைத்தேன். ரோஸ் தாளைத் தேடி எடுத்தேன். செருப்பு இருந்தது, கொசுவம் இருந்தது, ஒயர் பையும் வளையலும் இருந்தன. கழுத்துக்கு மேலே ஒரு வட்டம். வட்டத்துக்குள் ரோஸ் நிறம் மட்டும்.

முகத்தை இப்போதே போட்டுவிட்டால் சரியாகிவிடும் என்று பென்சிலை நாக்கில் தொட்டேன். அப்போதுதான் தெரிந்தது, அம்மாவின் முகம் எனக்கு ஞாபகம் வரவில்லை.

மூக்குத்தி ஞாபகம் இருந்தது, எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. குரல் காதுக்குள் கேட்டது, வாயைக் காணவில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் கல்யாணப் படத்தைப் பார்த்தேன். அதில் யாரோ ஒரு பெண் மாலைக்குள் மாட்டிக்கொண்டு முழித்தாள், அவள் எனக்கு அறிமுகமே இல்லை. "பையன் அம்மாவ உரிச்சு வச்சிருக்கான்" என்று வளவில் சொல்வார்களே என்று கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். ஊதா உதட்டோடு ஒரு திருடன் நின்றான். இவன் முகத்தையே போட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். தப்பான முகத்தைப் போட்டு, அம்மா அந்த முகத்தோடு வந்து இறங்கினால்? காப்பியிங் பென்சில் வேறு. அழியாது.

"அம்மா எப்பப்பா வருவா?"

"அம்ம எறங்கட்டும்லே. வருவா."

"கடுதாசி போட்டாளா?"

"அம்ம வீட்டுலேந்து கடுதாசி போடமாட்டாவ."

கண் இல்லாமல் எப்படிப் போடுவாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஒரே வழிதான் இருந்தது. நேரில் போய், அம்மாவைப் பார்த்து, பார்த்தபடியே வரைந்து முடிப்பது. அப்பா கண்ணயர்கிற நேரமாகப் பார்த்துப் பாபநாசம் வண்டியில் ஏறி, பின் இருக்கைக்குக் கீழே, காலி மீன் கூடைகளுக்கு நடுவே படுத்துக்கொண்டேன். பேட்டை தாண்டியதும் கண்டக்டர் அண்ணாச்சி குனிந்தார். மொட்டையில் முள்ளு முள்ளாக முடி முளைத்திருந்தது. நான் அந்தத் தாளில் முடியைப் போட்டுக் கொடுத்திருந்தேன், சும்மா முளைக்கவில்லை.

"ஏலே, டைம் கீப்பர் மவனா? எங்கனலே போற, நெத்திலியோட நெத்திலியா?"

"பாபநாசத்துக்கு. அம்மாவப் பாக்க."

"பாபநாசத்துல ஒங்கம்மா எதுக்கு இருக்காவ?"

"சித்தி வீட்டுல அம்ம. அன்னைக்கு ஒங்க வண்டியிலதான போனா."

அவர் நிமிர்ந்து, முளைத்த முடியைத் தடவினார்.

"என் வண்டியில ஏறுனாவதான். ஆனா டவுன் ஆர்ச்சுலயே எறங்கிட்டாவளே. நாமுல்லா விசில் அடிச்சேன். பையப் பைய எறங்குங்கன்னு பையக்கூட வாங்கிக் குடுத்தேன்."

டவுன் ஆர்ச் என்றால் ஜங்ஷனிலிருந்து ரயில் மேம்பாலம் இறங்கினதும் வருகிற இடம். பாபநாசம் மலையடிவாரத்தில் இருக்கிறது. நான் எழுந்து உட்கார்ந்தேன். முகம் முழுக்கச் செதில். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கண் வரையாதவளுக்கு எந்த ஊர் வந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஆர்ச்சில் இறங்கிவிட்டாள். வாயும் இல்லை, யாரிடமும் வழி கேட்டிருக்க முடியாது. இத்தனை நாளாக அந்தக் கூட்டத்துக்குள் ஒயர் பையோடு நின்றுகொண்டிருக்கிறாள்.

நான் அழுத அழுகையில் வண்டியை நிறுத்திவிட்டார்கள். எதிரே வந்த ஜங்ஷன் வண்டியைக் கை காட்டி நிறுத்தி, கண்டக்டர் அண்ணாச்சி என்னைப் பார்சல் மாதிரி ஏற்றினார்.

"டைம் கீப்பர் மவன் வே. ஜங்ஷன்ல கையில புடிச்சுக் குடுத்துரும். நடுவுல எங்கனயும் எறக்கிராதீரும்."

ஆர்ச்சில் இறங்குகிறேன் என்று நான் கெஞ்சியதை அந்த வண்டிக் கண்டக்டர் கேட்டபாடில்லை. ஜன்னலில் முகத்தை ஒட்டிவைத்து, ஆர்ச்சடியில் நின்ற பெண்களை எல்லாம் பார்த்தேன். எல்லோருக்கும் முகம் இருந்தது.

அப்பா கூண்டு வாசலில் நின்றிருந்தார். அடிப்பார் என்று கன்னத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அடிக்கவில்லை. என்னை உள்ளே கூட்டிப் போய் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு அவர் நின்றார்.

"பாபநாசத்துக்கா போனே?"

"அம்மா அங்க இல்லப்பா. ஆர்ச்சுலயே எறங்கிட்டாளாம்."

"யாரு சொன்னா?"

"கண்டக்டர் அண்ணாச்சி."

அப்பா வெளியே பார்த்தார். கிளம்ப வேண்டிய ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. அவர் விசிலை எடுக்கவில்லை.

"அப்பம் ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு."

"முன்னாலயே தெரியும்."

"பயந்துட்டியாலே?"

தலையாட்டினேன்.

"பயப்படாத. சரியாயிரும். கொஞ்ச நாளாவும்னு டாக்டர் சொல்லிருக்காரு."

"எல்லாம் வந்துருமா? பழைய மாதிரியே?"

"வந்துரும். மெலிஞ்சிருப்பா, அவ்வளவுதான். நீ வளவுல யார்ட்டயும் மூச்சு விட்டுராத. வீட்டுக்காரரு காதுக்குப் போச்சுன்னா நாளைக்கே காலி பண்ணச் சொல்லிருவாரு."

எனக்கு அது நியாயமாகவே பட்டது. முகம் இல்லாத பெண்ணுக்கு யார் வீடு வாடகைக்குக் கொடுப்பார்கள்?

"என்னாலதாம்ப்பா," என்றேன்.

"ஒன்னால இல்லலே. யாராலயும் இல்ல. வந்துட்டு, என்ன செய்ய." அவர் கை என் தலையில் இருந்தது. ஆளுக்கொரு விஷயத்தைப் பேசிக்கொண்டு, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லி முடித்தோம். நான் தேறிவிட்டேன் என்று அவர் நினைத்தார். டாக்டர் மூக்கு வைப்பாரா, கண்ணிலிருந்து தொடங்குவாரா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். அம்மாவை வரைந்த அந்த ரோஸ் தாளை அன்று இரவே அடுப்பில் போட்டேன். டாக்டர் கைக்கு வந்த காரியத்தில் நான் குறுக்கிடக்கூடாது. பென்சிலை அதன் பிறகு நான் தொடவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து, ஆடிக்காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் வீட்டுக்கு வந்தால், வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. உள்ளே போய் அவள் பாதத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கத் தைரியம் வரவில்லை.

"என்னலே தரையவே பாக்க? என்னயப் பாரு."

பார்த்தேன். முகம் இருந்தது. ஒட்டிப்போயிருந்தது, ஆனால் அதே முகம். மூக்குத்தி இடது பக்கம். இதையா மறந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கட்டிக்கொள்ள ஓடினேன். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

"கிட்ட வராதலே."

அதற்குப் பிறகு வெகுநாள் அவளுக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். மூலையில் தனிப் பாய். முகத்தைப் போடாமல் விட்டவன் நான்தான் என்று தெரிந்துகொண்டு, என் மேல் கோபமாக இருக்கிறாள் என்று முடிவு செய்தேன். அந்தக் கோபத்தை மதித்து நானும் தள்ளியே இருந்தேன். பிறகு தட்டும் தம்ளரும் ஒன்றாகக் கலந்துவிட்டன. தள்ளி இருக்கிற பழக்கம் மட்டும் எங்கள் இருவருக்கும் நிலைத்துவிட்டது. இப்போது நான் எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஆள், உங்களுக்குத் தெரியும். அவளிடம் மட்டும் கேட்டதற்குப் பதில் சொல்கிற பிள்ளையாகவே இருந்தேன்.

அம்மா இறப்பதற்குச் சில வருடங்கள் முன்பு, முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவளிடம் இந்தக் கதையை வேடிக்கையாகச் சொன்னேன். மொட்டை வரைக்கும் சிரித்தாள். வட்டத்துக்கு வந்ததும் கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நடந்ததை அப்போதுதான் சொன்னாள்.

பாபநாசத்தில் யாருக்கும் அம்மை போடவில்லை. அம்மாவுக்குக் காசநோய். தெரிந்தால் வளவில் இருக்க விடமாட்டார்கள். ஆஸ்பத்திரி என்று சொன்னால் நான் தினமும் அங்கே போய் நிற்பேன், எனக்கும் ஒட்டிவிடும். அதனால் என் கண் முன்னால் பாபநாசம் வண்டியில் ஏறி, ஆர்ச்சில் இறங்கி, பாளையங்கோட்டை டவுன் பஸ்ஸில் திரும்பினாள். அது ஜங்ஷன் வழியாகத்தான் போகும். பஸ் நிலையத்தில் நின்றபோது, சரக்கு ஏற்றுகிறவரை நான் வரைந்துகொண்டிருந்ததை ஜன்னலில் இருந்து பார்த்தாள். கூப்பிடவில்லை. அன்றிலிருந்து ஆடி வரை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்பா வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்து வந்தார். எங்கள் வீட்டிலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி நான் நடந்தே போயிருக்கலாம்.